ஐபிசெக் டன்னல் பழுது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

தலைமை அலுவலகத்தையும் கிளைகளையும் பொது இணையத்தின் வழியே, தரவை மறையாக்கி (என்கிரிப்ட் செய்து) இணைக்கும் ஐபிசெக் டன்னல்களில் திரும்பத் திரும்ப வரும் பழுதுகளை, அவை வெளியே காட்டும் அறிகுறியை வைத்துப் பிரித்து இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத சோதனை முதலிலும், கருவியையோ இணைய இணைப்பையோ மாற்ற வேண்டிய நிலை கடைசியிலும் வரும். ஃபயர்வால் எந்த நிறுவனத்துடையது என்பது இதில் பெரிதில்லை. ஃபோர்ட்டிகேட், சோஃபோஸ், மைக்ரோடிக், சிஸ்கோ, லினக்ஸில் ஓடும் ஸ்ட்ராங்ஸ்வான் என எதுவானாலும் இரு முனைகளும் பேசிக்கொள்ளும் முறை ஒன்றுதான். திரையில் உள்ள பெயர்கள் மட்டுமே வேறுபடும்.

## கை வைப்பதற்கு முன்

இரு முனைகளின் கான்ஃபிக்கையும் பிரதி எடுத்து வையுங்கள். நேற்று வரை ஓடிய டன்னல் இன்று நின்றிருந்தால், இடையில் எது மாறியது என்பதே முதல் கேள்வி. ஃபர்ம்வேர் புதுப்பிக்கப்பட்டதா, இணைய நிறுவனத்தார் மோடத்தை மாற்றினார்களா, ஐபி முகவரி மாறியதா, வேறொருவர் ஃபயர்வால் விதியைத் திருத்தினாரா என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

லாக்கைப் பார்க்கும்போது, அழைக்கும் முனையின் லாக்கை மட்டும் வைத்துக்கொண்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம். அழைப்பை ஏற்கும் முனைதான் தான் ஏன் மறுத்தது என்பதைத் தன் லாக்கில் விவரமாக எழுதும். அழைத்த முனைக்கு ஒற்றை வரியில் மறுப்பு மட்டுமே வரும், சில வேளைகளில் அதுவும் வராது. ஆகவே கிளையில் இருப்பவரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, இரு முனைகளின் லாக்கையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் சரியான முறை.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். டன்னல் நின்ற அவசரத்தில், உள்ளே இருக்கும் சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட் 3389-ஐ இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிட்டு, "இப்போதைக்கு ஓடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விடும் வழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. அந்தப் "பிறகு" பெரும்பாலும் வருவதே இல்லை. சம்பளப் பட்டியலும் வாடிக்கையாளர் விவரமும் ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்வதால் வரும் இழப்பை ஈடுசெய்துவிடலாம். திருட்டுப் போனதை மீட்க முடியாது. கீழே உள்ள எந்தப் பழுதுக்கும் மறையாக்கத்தை அணைப்பது தீர்வு அல்ல.

## அறிகுறி: டன்னலே எழவில்லை

லாக்கில் பேச்சு எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்து, கீழே உள்ள நான்கு பிரிவுகளில் உரியதற்குச் செல்லுங்கள்.

### மறுமுனையிலிருந்து பதிலே வரவில்லை

அழைக்கும் முனை மீண்டும் மீண்டும் அனுப்பி டைம்அவுட் ஆகிறது, ஏற்கும் முனையின் லாக்கிலோ ஒன்றுமே இல்லை என்றால், பாக்கெட் போய்ச் சேரவே இல்லை. பாஸ்வேர்டையும் புரொபோசலையும் (மறையாக்க முறைகளின் பட்டியலையும்) இந்நிலையில் தொட வேண்டியதில்லை. அவற்றைப் படிக்கும் கட்டமே இன்னும் வரவில்லை.

முதலில் ஐபி முகவரியைச் சரிபாருங்கள். ஸ்டாட்டிக் ஐபி என்று நினைத்திருந்த இணைப்பு, கட்டணத் திட்டம் மாறியதும் டைனமிக்காக மாறியிருக்கலாம். மாறும் ஐபியைப் பின்தொடரும் டிடிஎன்எஸ் பெயரைப் பயன்படுத்துவோருக்கு அந்தப் பெயர் பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கலாம். அடுத்து, ரவுட்டரின் வான் போர்ட்டுக்கு (இணையப் பக்கப் போர்ட்டுக்கு) வந்திருக்கும் முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் உங்களைப் பலரோடு சேர்த்து ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். 10 என்றோ 192.168 என்றோ தொடங்கினாலும், இணைய நிறுவனத்தின் மோடமே ஒரு என்ஏடி (முகவரி மாற்றம்) போட்டிருந்தாலும், நிலைமை இதேதான். இத்தகைய முனை அழைக்கலாம், ஆனால் அதை யாரும் அழைக்க முடியாது. எனவே பொது முகவரி உள்ள முனையை ஏற்கும் முனையாகவும், இதை அழைக்கும் முனையாகவும் மாற்றி அமைத்தால் செலவில்லாமல் முடிந்துவிடும். இரு முனைகளுமே இப்படிச் சிக்கியிருந்தால் அவற்றுக்கிடையே நேரடி டன்னலை நம்ப முடியாது. குறைந்தது ஒரு முனைக்காவது ஸ்டாட்டிக் ஐபி வாங்கியாக வேண்டும்.

முகவரிகள் சரியாக இருந்தால், ஐபிசெக் பயன்படுத்தும் யூடிபி 500, யூடிபி 4500 ஆகிய போர்ட்டுகளைப் பாருங்கள். ஏற்கும் முனையின் வான் போர்ட்டில் பாக்கெட் கேப்சர் போட்டு (கடந்து செல்லும் பாக்கெட்டுகளைப் பதிவு செய்து), அழைக்கும் முனையின் முகவரியிலிருந்து யூடிபி 500-க்கு ஏதாவது வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் உங்கள் ஃபயர்வால் விதிதான் தடுக்கிறது. வராவிட்டால், மோடத்தைக் கழற்றிவிட்டு மொபைல் ஹாட்ஸ்பாட் வழியே அழைத்துப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் டன்னல் எழுந்தால் பழுது கம்பி இணைப்பில் இருக்கிறது. அப்போது இணைய நிறுவனத்தை அழைத்து, "நெட் சரியாக வரவில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், யூடிபி 500, 4500 ஆகியவையும் ஐபி புரோட்டோகால் 50-உம் இந்த இணைப்பில் தடுக்கப்பட்டுள்ளனவா என்று எழுத்தில் கேளுங்கள். கேள்வி இப்படி இருந்தால்தான் புகார் முதல் நிலை உதவியாளரைத் தாண்டிப் போகும்.

### பதில் வருகிறது, "நோ புரொபோசல் சோசன்" என்கிறது

மறையாக்க முறை, ஹாஷ் (தரவைச் சரிபார்க்கும் முறை), டிஃபி-ஹெல்மன் குழு (சாவியை உருவாக்கும் கணக்கின் வகை) ஆகியவற்றில் இரு முனைகளுக்கும் பொதுவான ஒன்று இல்லை. இரண்டு திரைகளையும் அருகருகே வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிடுவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. அதிகம் தவறும் இடங்கள் மூன்று. ஒரு முனை ஐகேஇ-யின் (சாவிப் பேச்சுவார்த்தை நெறிமுறையின்) முதல் பதிப்பிலும் மறுமுனை இரண்டாம் பதிப்பிலும் இருக்கும். ஏஇஎஸ்-ஜிசிஎம் மறையாக்கம் தேர்ந்தெடுத்த முனையில், அதற்குத் தேவையில்லாத தனி ஹாஷ் ஒன்றும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். ஃபர்ம்வேர் புதுப்பிப்பில் பழைய குழுக்கள் நீக்கப்பட்டு, மறுமுனை இன்னும் குழு 2-ஐயே கேட்டுக்கொண்டிருக்கும்.

கடைசியாகச் சொன்னதற்காக யாரும் ஃபர்ம்வேரைப் பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டாம். குழு 2 என்பது 1024 பிட். அந்த அளவை உடைப்பது வசதி படைத்த ஓர் அரசின் கைக்கு எட்டக்கூடியது என்று 2015-இல் வெளியான லாக்ஜாம் ஆய்வு மதிப்பிட்டது. குறைந்தது குழு 14, இயன்றால் 19 அல்லது 20 என்று இரு முனைகளையும் மேலே கொண்டுவருவதே முறை. ஐகேஇ முதல் பதிப்பையும் இதே சாக்கில் விட்டுவிடலாம்; அது 2023-இல் முறைப்படி வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டுவிட்டது. மறுமுனைக் கருவி இவற்றை ஆதரிக்காத அளவுக்குப் பழையது என்றால், அதை மாற்றும் செலவை நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

### அடையாளச் சோதனையில் நிற்கிறது

லாக்கில் "ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு" என்று வரும். ஐகேஇ முதல் பதிப்பில் இதே பழுது, பாக்கெட்டைப் பிரித்துப் படிக்க முடியவில்லை, வடிவம் தவறு என்பதுபோல் வேறு தோற்றத்தில் வரும். அதைக் கண்டு கருவியே பழுது என்று எண்ணிவிட வேண்டாம்.

பிரீ-ஷேர்டு கீயை (இரு முனைகளுக்கும் பொதுவான சாவியை) இரு முனைகளிலும் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். மின்னஞ்சலிலிருந்து காப்பி செய்யும்போது கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் ஒற்றை இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கருவிக்கு அதுவும் ஓர் எழுத்து. மேற்கோள் குறி, டாலர் குறி போன்றவை சில கருவிகளின் கட்டளை வரியில் வேறு பொருள் கொள்ளும் என்பதால், எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட நீளமான சாவியே தொல்லையில்லாதது. சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், டன்னல் எழுந்த பிறகு அதை மாற்றிவிடுங்கள்.

சாவி சரியாக இருந்தும் மறுத்தால், பியர் ஐடியைப் பாருங்கள். என்ஏடிக்குப் பின்னால் இருக்கும் கிளைக் கருவி தன்னை 192.168 எனத் தொடங்கும் தன் உள்முகவரியால் அறிமுகப்படுத்திக்கொள்ளும். தலைமை அலுவலகமோ அதன் பொது முகவரியை எதிர்பார்த்துக் காத்திருக்கும். இரு முனைகளிலும் ஐபி முகவரிக்குப் பதிலாக ஒரு பெயரை ஐடியாகக் கொடுத்தால் இது தீரும்.

சான்றிதழ் பயன்படுத்தும் டன்னல்களில் ஒரு தனிப் பழுது உண்டு. முதல் பரிமாற்றம் நல்லபடியாக முடியும். இரண்டாவது பரிமாற்றம் பதிலின்றி டைம்அவுட் ஆகும். சான்றிதழைச் சுமந்து செல்லும் அந்த இரண்டாவது செய்தி ஒரு பாக்கெட்டில் அடங்காமல் துண்டாகிறது, வழியில் உள்ள ஏதோ ஒரு ரவுட்டர் துண்டுகளைக் கைவிடுகிறது. ஐகேஇ இரண்டாம் பதிப்பில் செய்தியைத் தானே சிறு துண்டுகளாகப் பிரித்து அனுப்பும் ஐகேஇ ஃபிராக்மென்டேஷன் என்ற வசதி இருக்கிறது. இரு முனைகளிலும் அதை இயக்குங்கள்.

### பேஸ் 1 எழுந்தது, பேஸ் 2 எழவில்லை

பேஸ் 1 என்பது முனைகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் கட்டம், பேஸ் 2 தரவு செல்லும் வழியை அமைக்கும் கட்டம். "டிஎஸ் அன்அக்செப்டபிள்" என்ற மறுப்பு வந்தால், எந்த நெட்வொர்க்குக்கும் எந்த நெட்வொர்க்குக்கும் இடையே டன்னல் என்பதில் இரு முனைகளும் ஒத்துப்போகவில்லை. ஒரு பக்கம் 10.1.0.0/16 என்றும், மறுபக்கம் 10.1.0.0/24 என்றும் எழுதியிருப்பார்கள். ஒரு முனையின் உள் நெட்வொர்க் மறுமுனையில் வெளி நெட்வொர்க்காக, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி, எண் பிசகாமல் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் 0.0.0.0/0 என்று அகலத் திறந்துவிட்டால் ஓடத்தான் செய்யும். ஆனால் ரூட் அடிப்படையிலான (எது உள்ளே போகும் என்பதை ரூட் பட்டியலே முடிவு செய்யும்) டன்னலாக அதைத் திட்டமிட்டு அமைத்திருந்தால் ஒழிய, பழுது நீக்கும் குறுக்குவழியாக அதைச் செய்யாதீர்கள்.

## அறிகுறி: டன்னல் பச்சையாகத் தெரிகிறது, பாக்கெட் போகவில்லை

பேஸ் 2-இன் எண்ணிகளைப் பாருங்கள். மறையாக்கி அனுப்பிய பாக்கெட் எண்ணிக்கை ஒன்று, பெற்றுப் பிரித்த எண்ணிக்கை மற்றொன்று. கிளையிலிருந்து தலைமை அலுவலகத்துக்குப் பிங் ஓடவிட்டு, இரு முனைகளிலும் இவ்விரண்டும் எப்படி நகர்கின்றன என்று கவனித்தால் பழுதின் இடம் தெரிந்துவிடும்.

அனுப்பும் முனையிலேயே எண் ஏறவில்லை. பாக்கெட் டன்னலுக்குள் நுழையவே இல்லை. ரூட் இல்லாமல் இருக்கலாம், ஃபயர்வால் விதி தடுக்கலாம். மிகப் பெரும்பாலும் காரணம் என்ஏடி விலக்கு இல்லாததுதான். இணையத்துக்குப் போகும் எல்லாவற்றையும் பொது முகவரிக்கு மாற்றும் விதி மேலே இருந்தால், கிளைக்குப் போக வேண்டிய பாக்கெட்டின் முகவரியும் மாறிவிடும், மாறியது டன்னலின் நெட்வொர்க் வரையறையில் சேராது. மறுமுனை நெட்வொர்க்குக்கு என்ஏடி வேண்டாம் என்ற விதியை அதற்கு மேலே வையுங்கள்.

இங்கே அனுப்பியது ஏறுகிறது, அங்கே பெற்றது ஏறவில்லை. வழியில் தொலைகிறது. இரு முனைகளுக்கும் நேரடிப் பொது முகவரி இருக்கும்போது, மறையாக்கிய தரவு யூடிபியில் போகாமல் ஐபி புரோட்டோகால் 50 ஆக, அதாவது இஎஸ்பி ஆகப் போகும். பேச்சுவார்த்தை யூடிபி 500-இல் தடையின்றி நடந்து டன்னல் எழுந்துவிடும். இஎஸ்பியை மட்டும் இடையில் உள்ள மோடம் விழுங்கிவிடும். என்ஏடி-டிராவர்சலைக் கட்டாயமாக்கும் தேர்வை இயக்கினால் தரவும் யூடிபி 4500-இல் ஏறிப் போகும். இணைய நிறுவனத்தோடு வாதாடுவதைவிட இது விரைவானது.

அங்கே பெற்றது ஏறுகிறது, அங்கே அனுப்பியது ஏறவில்லை. பாக்கெட் போய்ச் சேர்ந்துவிட்டது, பதில்தான் புறப்படவில்லை. சர்வரின் கேட்வே வேறொரு ரவுட்டரைக் காட்டுகிறதா, சர்வரின் விண்டோஸ் ஃபயர்வால் வேற்று நெட்வொர்க்கிலிருந்து வரும் பிங்கைத் தடுக்கிறதா என்று பாருங்கள். ஃபயர்வாலின் சொந்த உள்முகவரிக்குப் பிங் போய், அதன் பின்னால் உள்ள கணினிக்குப் போகவில்லை என்றால் டன்னலில் குற்றமில்லை.

இரு பக்கமும் 192.168.1.0/24. இது அமைப்பிலேயே உள்ள கோளாறு. இரு அலுவலகங்களும் ரவுட்டரோடு வந்த முகவரியையே வைத்துக்கொண்டால், கிளைக் கணினி தலைமை அலுவலக சர்வரைத் தன் அறையிலேயே தேடும். ஒரு பக்கத்தை வேறு முகவரிக்கு மாற்றுவதே நிலையான தீர்வு. பிரிண்டர், கேமரா, வருகைப்பதிவுக் கருவி என எல்லாவற்றிலும் முகவரியை மாற்ற வேண்டியிருப்பதால் ஒரு விடுமுறை நாளை இதற்கு ஒதுக்குங்கள். இரு பக்கமும் என்ஏடி போட்டு ஒட்டுப்போடும் முறையும் உண்டு. அதைப் பின்னால் பராமரிக்க ஆள் இருக்கிறதா என்று யோசித்துச் செய்யுங்கள்.

## அறிகுறி: பிங் போகிறது, ஆனால் ஃபைல் திறக்கவில்லை

பகிர்ந்த ஃபோல்டரின் பெயர்ப் பட்டியல் தெரியும், ஃபைலைத் திறந்தால் தொங்கும். மென்பொருளின் உள்நுழைவுத் திரை வரும், பாஸ்வேர்டைக் கொடுத்ததும் வெறும் வெள்ளைப் பக்கம் நிற்கும். ரிமோட் டெஸ்க்டாப் கறுப்புத் திரையோடு நிற்கும். சிறிய பாக்கெட்டுகள் போகின்றன, பெரியவை போகவில்லை என்பதே இவை எல்லாவற்றின் பொருளும்.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். நம் ஊர் ஃபைபர் இணைப்புகளில் பலவும் பிபிபிஓஇ முறையில் உள்நுழைபவை என்பதால் அங்கேயே 8 பைட் குறைந்து 1492 ஆகிவிடுகிறது. அதன் மேல் ஐபிசெக் தன் புதிய ஐபி தலைப்பு 20, யூடிபி தலைப்பு 8, இஎஸ்பி தலைப்பு 8, தொடக்க எண், நிரப்பு பைட்டுகள், சரிபார்ப்பு முத்திரை என்று சேர்த்துக்கொண்டே போகும். ஏஇஎஸ்-ஜிசிஎம் என்றால் மொத்தம் 65 பைட்டை ஒட்டியும், ஏஇஎஸ்-சிபிசியுடன் எஸ்எச்ஏ-256 என்றால் 85 வரையிலும் இந்தச் சுமை வரும். இடம் போதாதபோது "சிறிதாக்கி அனுப்பு" என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை யாரோ ஒருவர் பாதுகாப்பு என்ற பெயரில் தடுத்து வைத்திருந்தால், அனுப்பும் கணினிக்கு எதுவுமே தெரியாமல் பெரிய பாக்கெட்டுகள் சத்தமின்றி மறையும்.

சோதனை எளிது. விண்டோஸ் கணினியின் கட்டளைத் திரையில், துண்டாக்கக் கூடாது என்ற தேர்வோடும் 1372 பைட் அளவோடும் மறுமுனைக் கணினிக்குப் பிங் அனுப்புங்கள். தலைப்புகளுக்கான 28 பைட் சேர்ந்து அது 1400 பைட் பாக்கெட் ஆகும். போனால் அளவை ஏற்றுங்கள், போகாவிட்டால் இறக்குங்கள். எந்த அளவு வரை போகிறதோ அதனுடன் 28-ஐக் கூட்டினால் வருவதே உங்கள் டன்னலின் உண்மையான எம்டியூ (பாக்கெட்டின் உச்ச அளவு).

தீர்வாக, ஃபயர்வாலில் டன்னல் வழியே போகும் டிசிபி இணைப்புகளுக்கு எம்எஸ்எஸ் கிளாம்பிங்கை (ஒரு பாக்கெட்டில் ஏறும் தரவின் அளவுக்கான வரம்பை) 1350 என்று வையுங்கள். தலைப்புகளுக்கான 40 பைட்டைச் சேர்த்தால் பாக்கெட் 1390, அதன் மேல் அதிகபட்சச் சுமையான 85 சேர்ந்தாலும் 1475. பிபிபிஓஇ-யின் 1492-க்குள் அடங்கிவிடுகிறது. 4ஜி வழியே போகும் கிளைக்கு இன்னும் குறைக்க வேண்டியிருக்கலாம், 1300 வரை இறக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக எம்டியூவைக் குறைக்கும் வேலையில் இறங்காதீர்கள். புதிய கணினி ஒன்று வந்த அன்றே பழுதும் திரும்பி வரும். கிளாம்பிங் டிசிபிக்கு மட்டுமே உதவும் என்பதால், யூடிபியில் ஓடும் பயன்பாடுகள் இருந்தால் டன்னல் இன்டர்ஃபேஸின் எம்டியூவையும் 1400-க்குக் குறைத்துவிடுங்கள்.

இவை எல்லாம் செய்தும் பெரிய பாக்கெட் போகவில்லை என்றால் பழுது இணைய நிறுவனத்தின் வழியில் இருக்கிறது. பிங் அளவுகளைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு புகார் கொடுங்கள்.

## அறிகுறி: குறிப்பிட்ட இடைவெளியில் அறுந்து விழுகிறது

முதலில் இடைவெளியை அளவிடுங்கள். லாக்கில் அறுந்த நேரங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் காரணம் அதிலேயே இருக்கும்.

சும்மா கிடந்த சில நிமிடங்களில் அறுந்தால், இடையிலுள்ள என்ஏடி கருவி பேச்சில்லாத யூடிபி இணைப்பை மறந்துவிடுகிறது. என்ஏடி கீப்அலைவை இயக்குங்கள். 20 வினாடிக்கு ஒன்று என்பது வழக்கமான அளவு.

சரியாக 1 மணி நேரத்தில் அறுந்தால், அதாவது பேஸ் 2-இன் ஆயுள் 3600 வினாடி என்று வைத்திருக்கும் டன்னலில் அது முடியும்போது அறுந்தால், பிஎஃப்எஸ் குழுவை (சாவியைப் புதுப்பிக்கும்போது பயன்படும் டிஃபி-ஹெல்மன் குழுவை) பாருங்கள். இது பலரை நாள்கணக்கில் அலையவிடும் பழுது, ஏனென்றால் டன்னல் எழும்போது எந்தப் பிழையும் தெரியாது. ஐகேஇ இரண்டாம் பதிப்பில் முதல் பேஸ் 2 இணைப்பு பேஸ் 1-இன் சாவிப் பரிமாற்றத்தை வைத்தே உருவாகிறது. பிஎஃப்எஸ் குழு என்ன என்று அப்போது யாரும் கேட்பதில்லை. முதல்முறை சாவியைப் புதுப்பிக்கும்போதுதான் ஒரு முனை குழு 14 என்கிறது, மறுமுனை குழு 19 என்கிறது அல்லது பிஎஃப்எஸ் வேண்டாம் என்கிறது, பேச்சு முறிகிறது. பிறகு டன்னல் முழுவதுமாக விழுந்து புதிதாக எழும், அடுத்த 1 மணி நேரத்துக்கு எல்லாம் சரியாக இருக்கும். இரு முனைகளிலும் ஒரே குழுவை வைத்துவிட்டு, ஆயுளைத் தற்காலிகமாக 300 வினாடியாகக் குறைத்துச் சோதித்தால் 1 மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. சோதனை முடிந்ததும் ஆயுளைப் பழைய அளவுக்கு மாற்ற மறவாதீர்கள்.

8 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் பேஸ் 1-இன் ஆயுளான 28800 வினாடியைச் சந்தேகியுங்கள். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால், பேஸ் 1-இன் ஆயுள் 86400 என்று வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இணைய நிறுவனம் பிபிபிஓஇ அமர்வைத் துண்டித்துப் புது முகவரி கொடுக்கிறதா என்று பாருங்கள்.

எந்த ஒழுங்குமின்றி அறுந்தால் பெரும்பாலும் குற்றம் அடியில் உள்ள இணைப்பில்தான். மறுமுனையின் பொது முகவரிக்கு, டன்னலுக்கு வெளியே, தொடர் பிங் ஓடவிட்டுப் பாருங்கள். அங்கேயே இழப்பு இருந்தால் டிபிடி (மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) அளவுகளைத் தளர்த்துவது நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது. கம்பியையும் மோடத்தையும் பார்க்க ஆளை அழைக்க வேண்டியது இங்கேதான்.

## அறிகுறி: மின்தடைக்குப் பிறகு எழவில்லை

கடிகாரத்தைப் பாருங்கள். சிறிய ரவுட்டர்கள் பலவற்றில் நேரத்தைத் தாங்கி நிற்கும் பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் அவை பழைய தேதியில் விழித்துக்கொள்ளும். பிரீ-ஷேர்டு கீ டன்னலுக்கு இதனால் தொல்லையில்லை. சான்றிதழ் டன்னலில் மட்டும், "இந்தச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை" என்று கருவி மறுத்துவிடும்.

நேரத்தைக் கையால் திருத்தினால் டன்னல் உடனே எழும். ஆனால் அடுத்த மின்தடையில் மீண்டும் இதே கதை நடக்காமல் இருக்க, நேரம் தரும் என்டிபி சர்வர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கிளையின் என்டிபி முகவரியாகத் தலைமை அலுவலகத்தின் உள் சர்வரையே கொடுத்திருந்தால், நேரம் கிடைக்க டன்னல் வேண்டும், டன்னல் எழ நேரம் வேண்டும் என்ற முடிச்சு விழுந்துவிடும். டன்னலுக்கு வெளியே எட்டக்கூடிய ஒரு நேர சர்வரைக் கொடுங்கள். இந்தியாவில் உள்ள நிறுவனங்கள் தேசியத் தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு, தங்கள் கடிகாரங்களைப் பொருத்த வேண்டும் என்று அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 ஆணையில் கூறியிருப்பதால், அதையும் சேர்த்தே நிறைவேற்றிவிடலாம்.

நேரம் சரியாக இருந்தும் மறுத்தால், சான்றிதழின் காலாவதித் தேதியைப் பாருங்கள். மின்தடை வந்ததால்தான் கருவி அதை மறுபடி சோதித்திருக்கும்.

## அறிகுறி: ஓடுகிறது, ஆனால் மிக மெதுவாக

டன்னலைக் குறை சொல்லும் முன், டன்னல் இல்லாத வெறும் இணைப்பின் வேகத்தை இரு முனைகளிலும் அளந்து எழுதுங்கள். தலைமை அலுவலகத்தின் அப்லோடு வேகம்தான் கிளையின் டவுன்லோடு வேகத்தின் மேல்வரம்பு.

அடுத்து, பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பிக்கொண்டே ஃபயர்வாலின் சிபியூவைப் பாருங்கள். அது உச்சத்தில் நின்றால் மறையாக்க வேலையே கருவிக்குப் பாரமாக இருக்கிறது. பழைய கான்ஃபிக்கில் 3டெஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அது மெதுவானது என்பதோடு பாதுகாப்பற்றதும்கூட. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2023-ஆம் ஆண்டு முடிவோடு அதைக் கொண்டு மறையாக்குவதைக் கைவிட்டுவிட்டது. ஏஇஎஸ்-ஜிசிஎம்-க்கு மாற்றி, கருவியில் வன்பொருள் முடுக்கம் இருந்தால் அது இயங்குகிறதா என்றும் உறுதி செய்யுங்கள். பல மைய சிபியூவில் ஒரே மையம் மட்டும் நூறு சதவீதத்தில் நின்றால், சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு டன்னலின் சுமை முழுவதும் ஒரே மையத்தில் விழுவது சாதாரணம்.

சிபியூ ஓய்வாக இருந்தும் மெதுவாக இருந்தால், லாக்கில் ரீப்ளே என்ற சொல்லோடு பாக்கெட் இழப்பு பதிவாகிறதா என்று தேடுங்கள். முன்னுரிமை கொடுக்கும் கியூஓஎஸ் விதிகள் பாக்கெட்டுகளின் வரிசையைக் குலைத்துவிட்டால், பின்தங்கி வந்தவற்றைப் பழைய பாக்கெட்டின் மறுபதிவு என்று எண்ணிக் கருவி தள்ளிவிடும். ரீப்ளே சாளரத்தை (எத்தனை பாக்கெட் பின்தங்கலாம் என்ற வரம்பை) 64-லிருந்து 1024-க்கு அகலப்படுத்துங்கள். அந்தச் சோதனையையே அணைத்துவிடாதீர்கள். இவை எதுவும் பயனளிக்காவிட்டால் பெரிய கருவி வாங்க வேண்டியதுதான். விற்பவரிடம் பொதுவான ஃபயர்வால் வேகத்தைக் கேட்காமல், ஐபிசெக் வேகத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டும் வெகுவாக வேறுபடும்.

## அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, மறையாக்கம்தான் இல்லை

இதற்குப் புகார் வராது. யாரும் தொலைபேசியில் அழைத்து, என் தரவு வெளிப்படையாகப் போகிறது என்று சொல்லமாட்டார்கள். அதனாலேயே, வேறு எந்தப் பழுதை நீக்கிய பிறகும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் கருவியை விட்டு எழ வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கிளையின் வான் போர்ட்டில் பாக்கெட் கேப்சர் போட்டு, தலைமை அலுவலக சர்வரின் உள்முகவரியை வடிகட்டியாகக் கொடுங்கள். அந்தப் பக்கம் அந்த முகவரி கண்ணில் படவே கூடாது. இரு பொது முகவரிகளுக்கிடையே இஎஸ்பி அல்லது யூடிபி 4500 மட்டுமே தெரிய வேண்டும். லினக்ஸ் ரவுட்டரில் டிசிபிடம்ப் போடுவோருக்கு ஓர் எச்சரிக்கை: உள்ளே வரும் பாக்கெட் மறையாக்கம் நீங்கிய பிறகு அதே இன்டர்ஃபேஸில் இரண்டாம் முறை தென்படும். அது கசிவு அல்ல. ஐயமிருந்தால் ரவுட்டருக்கும் மோடத்துக்கும் நடுவே மிரர் போர்ட் (பாக்கெட்டுகளின் நகலைத் தரும் போர்ட்) உள்ள சுவிட்சை வைத்து, மடிக்கணினியில் வயர்ஷார்க்கைக் கொண்டு பிடித்துப் பாருங்கள். எளிதில் அடையாளம் காணக்கூடிய ஒரு வாக்கியத்தை எழுதிய டெக்ஸ்ட் ஃபைலை, மறையாக்கமில்லாத உள் இணையப் பக்கம் ஒன்றின் வழியே டன்னலில் அனுப்பி, கேப்சரில் அந்த வாக்கியத்தைத் தேடுங்கள். கிடைத்தால் டன்னல் பெயரளவுக்குத்தான் இருக்கிறது.

கிடைத்தால் காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். புரொபோசல் பட்டியலில் "நல்" (null, எதையும் மறைக்காத) மறையாக்கம் இடம்பெற்றிருக்கலாம். சோதனைக்காக எப்போதோ சேர்த்தது அப்படியே நின்றிருக்கும். இஎஸ்பிக்குப் பதிலாக ஏஎச் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம். அது தரவு மாற்றப்படவில்லை என்று உறுதி சொல்லுமே தவிர, தரவை மறைக்காது. இரண்டிலும் எண்ணிகள் ஏறும், டன்னல் பச்சையாகவே தெரியும்.

மூன்றாவது காரணம் ரூட்டிங். லீஸ்டு லைன் (தனி வாடகைக் கம்பி) அல்லது எம்பிஎல்எஸ் (இணைய நிறுவனம் பிரித்துத் தரும் பாதை) இணைப்பு ஒன்றும், இணைய டன்னல் ஒன்றும் இணையாக உள்ள அலுவலகங்களில், டன்னல் விழுந்ததும் ரூட் லீஸ்டு லைனுக்கு மாறிவிடும். பயனர்களுக்கு எந்தத் தடையும் தெரியாது, தரவோ மறையாக்கமின்றிப் போய்க்கொண்டிருக்கும். எம்பிஎல்எஸ் தனி வழி என்பதால் தானாக மறைக்கப்படுகிறது என்று நம்புவோர் பலர். எம்பிஎல்எஸ் பாதையைப் பிரித்துத் தருகிறது, மறையாக்கம் செய்வதில்லை. லீஸ்டு லைனின் மேலும் ஓர் ஐபிசெக் டன்னலை ஓட்டுவதே தீர்வு. இணைய இணைப்பு மட்டும் உள்ள கிளைகளில், மறுமுனை நெட்வொர்க்குக்கு முன்னுரிமை குறைந்த ஒரு பிளாக்ஹோல் ரூட்டை எழுதி வையுங்கள். டன்னல் விழும்போது பாக்கெட் டீஃபால்ட் ரூட் வழியே வெளியே ஓடாமல் அங்கேயே கைவிடப்படும்.

சரிசெய்த பின் டன்னலை வேண்டுமென்றே கீழே இறக்கி, கிளையிலிருந்து பிங் அனுப்பிக்கொண்டே கேப்சரைப் பாருங்கள். பிங் நிற்க வேண்டும், வான் போர்ட்டில் உள்முகவரி எதுவும் தெரியக் கூடாது.

வெளிப்படையாகப் போன காலத்தில் யாரேனும் தரவை எடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம் கிடைத்தால், அதாவது தெரியாத முகவரியிலிருந்து உள்நுழைவோ, யாரும் மாற்றாத கான்ஃபிக் மாற்றமோ தென்பட்டால், அங்கேயே கையை எடுத்துவிட்டுப் பாதுகாப்பு நிபுணரை அழையுங்கள். கருவியை ரீபூட் செய்யாதீர்கள். பல கருவிகளில் லாக் நினைவகத்தில்தான் இருக்கும், ரீபூட்டில் அழிந்துவிடும். லாக்கையும் கேப்சரையும் வேறொரு கணினிக்கு எடுத்து வையுங்கள். செர்ட்-இன் ஆணைப்படி இத்தகைய நிகழ்வைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எனவே நிர்வாகத்துக்குச் சொல்வதை மறுநாள் காலைக்குத் தள்ளிவைக்க முடியாது. அந்த டன்னல் வழியே போன பாஸ்வேர்டுகள் அனைத்தையும், நிபுணர் சரி என்று சொன்ன பிறகு பிரீ-ஷேர்டு கீயையும், மாற்றிவிடுங்கள்.